ஜோதியம்மாள் எடுத்த நிறம்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு தெரு போகிறது. அதன் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பதினோரு பெண்கள் பனையோலையில் மூடி போட்ட பெட்டி பின்னுகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஜோதியம்மாள். நாற்பத்தெட்டு வயது, கட்டையான உடம்பு, தெருமுனை வரைக்கும் கேட்கும் குரல். கோபம் வந்தால் மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும். தெரிந்தவர்கள் அவள் கத்தும்போது கண்டுகொள்ள மாட்டார்கள், மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லி, வருஷத்தில் பாதி நாள் அதையே பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து வாழும் குடும்பம். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தாள். புருஷன் பலராமன் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர், வாய் கம்மி. வீட்டுக்குத் தேவையான பேச்சை ஜோதியம்மாளே இருவர் சார்பிலும் பேசிவிடுவாள். ஒன்பது வருஷம் ஒரு விடுதியில் அறை துடைத்தாள். அங்கே தங்கியவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள், ஒருவர்கூடப் பேர் கேட்டதில்லை. அது அவளுக்கு ஆறவே இல்லை. கொட்டகையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே துடைப்பத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கொட்டகைக்கு ஆர்டர் பிடித்துத் தருவது சென்னையில் ஒரு சிறிய அலுவலகம். நியாய வணிகம் என்று அதற்குப் பேர். இடைத்தரகர் கிடையாது, கூலியில் கைவைக்கக் கூடாது, வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எதுவும் முடிவாகக் கூடாது என்று அதற்குச் சட்டதிட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பெட்டிகளை வாங்கும் நாட்டிலிருந்து யாராவது வருவார்கள். அலுவலகத்துப் பெண் ஆர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். உங்களுக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்பார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லைங்க என்பார்கள். டீ குடித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் போட்டோவுக்கு முன்பாக ஜோதியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

“நாங்க பின்னுறோம், கலரு மட்டும் கடல் தாண்டி வருது. போன வருஷம் நீங்க அனுப்புன சாம்பல் கலரு ஓலையில ஏறவே இல்ல, பாதி ஓலை வீணாப் போச்சு. ஓலைக்கு எந்தச் சாயம் புடிக்கும்னு எங்களுக்குத்தான் தெரியும். இனிமே கலரை நாங்க எடுக்கிறோம்.”

ஆர்த்தி ஒரு நிமிஷம் தயங்கினாள். ஜோதியம்மாள் மெதுவாகப் பேசியதைக் கவனித்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். ஆறு மாதம் கழித்துச் சம்மதம் வந்தது.

அன்றிலிருந்து அது கொட்டகையின் வழக்கம். ஆவணி மாதக் கூட்டத்தில் முறை வைத்து ஒருத்தி இரண்டு நிறம் எடுப்பாள். அவள் மட்டும் தேரடி வீதிக்குப் போய்ச் சாயப்பொடி வாங்கி வருவாள். மற்ற பத்துப் பேரும் மூச்சு விடக் கூடாது. கூட்ட நோட்டில் தேதி போட்டு நிறத்தை எழுதிப் பதினோரு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒருமுறை வந்த நிறம் திரும்ப வரக் கூடாது. ஒருத்தி மகனின் பள்ளிச் சீருடை நிறத்தை எடுத்தாள், இன்னொருத்தி புதிதாகக் கட்டிய வீட்டின் சுவர் நிறத்தை எடுத்தாள். வெளிநாட்டில் யார் வீட்டு மேசையிலோ அந்தச் சுவர் இன்றைக்கும் இருக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் ஜோதியம்மாளின் முறை. வாடாமல்லியும் கிளிப்பச்சையும் எடுத்து வந்தாள். காரணம் கேட்டார்கள். தனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். பிறந்த வீட்டில் அப்பா எடுத்த நிறம், புகுந்த வீட்டில் மாமியார் எடுத்த நிறம், விடுதியில் முதலாளி கொடுத்த நீலச் சேலை. நாற்பத்தேழு வயதில் முதன்முதலாகத் தானே போய் நின்று, தன் கண்ணுக்குப் பிடித்ததைக் கைகாட்டி வாங்கியிருந்தாள். வரும் வழியெல்லாம் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாளாம். அவ்வளவு சந்தோஷம்.

அந்த மார்கழியில் ஒரு புதுக் கட்சி பிறந்தது. யார் யாரோ சேர்ந்து, எதற்கோ கோபித்துக்கொண்டு வந்து ஆரம்பித்த கட்சி. மேலே வாடாமல்லி, கீழே கிளிப்பச்சை என்று கொடி ஏற்றினார்கள்.

தெருமுனையில் ஏற்கெனவே பழைய கட்சியின் கம்பம் ஒன்று நின்றிருந்தது. பக்கத்திலேயே, வேண்டுமென்றே ஒரு அடி உயரமாகப் புதுக் கட்சி தன் கம்பத்தை நட்டது. மாசியில் ஒருநாள் விடிந்தபோது பழைய கம்பம் அடியோடு அறுபட்டுக் கிடந்தது. அறுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள். பஸ் கண்ணாடி உடைந்தது, இரண்டு கடைகள் நொறுங்கின, போலீஸ் வேன் வந்து நின்றது. கொட்டகைக்குப் பின்னால் ஓலை உலர்த்தும் காலி மனையில்தான் அந்த வேனுக்கு நிழல் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அறையைக் காலி செய்தார்கள். பலராமனின் ஆட்டோ வீட்டு வாசலிலேயே நின்றது.

கொட்டகைக்கு முதலில் வந்தது புதுக் கட்சிக்காரர்கள். வாசலில் கட்டியிருந்த கயிற்றில் சாயம் ஏற்றிய ஓலைகள் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒரே குதூகலம். நம்ம கலரு அக்கா, நம்ம கலரு அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாநாட்டில் தலைவர்களுக்குக் கொடுக்க இருநூறு பெட்டி வேண்டுமாம். கையில் அறுநூறு பெட்டிக்கு ஆர்டர் இருக்கிறது, வேறு யாருக்கும் இப்போது பின்ன முடியாது என்று ஜோதியம்மாள் சொல்லிவிட்டாள். சரி பரவாயில்லை என்று ஓலைகளைப் போட்டோ எடுத்தார்கள். எங்கள் தாய்மார்களே நம் கொடியை நெய்கிறார்கள் என்று எழுதி வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு போட்டோ போதுமானதாக இருந்தது. மறுநாள் கொட்டகையின் தகரத்தில் கல் விழுந்தது. அதற்கு மறுநாள் ஜோதியம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முருகவேல் வந்தான். பலராமனின் தம்பி, பழைய கட்சியின் வார்டு செயலாளர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அண்ணி, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா கட்சியில என் தலையை உருட்டுறாங்க. செயலாளர் வூட்டு அண்ணியே அவனுங்க கொடி கலர்ல பின்னுறாங்கன்னு கேக்குறாங்க. கலரை மாத்துங்க, இல்லன்னா அந்த ஓலையைத் தெருவுல காட்டாதீங்க.”

தட்டில் சோற்றைப் போட்டுத் தரட்டுமா என்று மட்டும் ஜோதியம்மாள் கேட்டாள். வேண்டாம் என்று அவன் போய்விட்டான். பலராமன் முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தம்பியைத் திட்டவும் இல்லை, இவளைத் தடுக்கவும் இல்லை.

ஓலை வாங்க இரண்டு நாள் அவள் கீழ்பென்னாத்தூர் பக்கம் போக வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. சாயப்பானையைக் கவனித்துக்கொள்பவள் கஸ்தூரி. அவள் வீடு அறுபட்ட கம்பத்துக்கு எதிரில்தான். கல் விழுந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டதும், அப்போதுதான் பானையிலிருந்து எடுத்துப் போட்டிருந்த ஓலைகளை ஈரத்தோடு வாரி உள்ளே கொண்டுபோய், மூலையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள். சாயம் போட்ட ஓலை மறுநாளே வெயில் பார்க்க வேண்டும். காலை ஏழு மணி வெயிலில் விரித்து, இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டு, வெயில் ஏறிச் சாயம் வெளுப்பதற்குள் பதினொரு மணிக்கு வாரிவிட வேண்டும். பதினைந்து வருஷமாக இதைச் செய்கிறவள் கஸ்தூரி. பயத்தில் எல்லாம் மறந்துபோனது.

ஜோதியம்மாள் திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கினாள். முந்நூறு பெட்டிக்கான ஓலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்திருந்தது. கஸ்தூரி சுவரோரம் நின்று அழுதாள். ஜோதியம்மாளுக்கு அவள் மேல் கோபம் வந்தது, ரொம்பவே வந்தது. சாயங்காலம் வரைக்கும் அவளோடு பேசவில்லை. பிறகு, இவளை இப்படிப் பயப்பட வைத்தவர்கள் எல்லாம் இந்நேரம் வீட்டில் நிம்மதியாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். கோபம் இடம் மாறி உட்கார்ந்தது.

அன்றைக்கே ஆர்த்தி போன் செய்தாள். இங்கே நடப்பதெல்லாம் செய்தியில் வந்து, வாங்குகிறவர்கள் கவலைப்பட்டுவிட்டார்களாம். மிச்சப் பெட்டிகளைச் சாயமே இல்லாமல் பின்னிக் கொடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். லாரி வர இன்னும் பன்னிரண்டு நாள். ஆர்த்தி கொஞ்சம் இழுத்து இழுத்து அடுத்ததைச் சொன்னாள். இனிமேல் நிறத்தை அங்கேயே முடிவு செய்துகொள்வார்களாம். பெண்களுக்கு எதற்கு ஆபத்து என்று நினைக்கிறார்களாம்.

கல்லெறிந்தவன்கூட அவளிடம் ஒன்றும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அக்கறையாகப் பேசுகிறவர்கள் அல்லவா அவள் எழுந்து நின்று வாங்கியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஒருமுறை விட்டுக் கொடுத்தால் அந்த நோட்டில் இனிமேல் யார் கையெழுத்தும் விழாது என்று அவளுக்குத் தெரிந்தது.

போனில் அவள் குரல் இறங்கியது. “ஆர்த்திம்மா, கலரு மாறாது. எங்களைக் காப்பாத்தணும்னு அவங்களுக்கு ஆசை இருந்தா ஆர்டரைக் குடுக்கச் சொல்லு. கலரை எடுத்துக்க வேணாம்.”

சொல்லிவிட்டாள், ஆனால் ஓலை வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் புது ஓலையைச் சாயப்பானையில் வேகவைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் உலர்த்தியாக வேண்டும். பின்பக்கத்து மனையில் போலீஸ் வேன். வாசல் கயிறு இருநூறு பெட்டி ஓலைக்கே பத்தாது. போதாக்குறைக்கு, கம்பத்தை அறுத்தவர்களைக் கைது செய்யச் சொல்லிப் பழைய கட்சி திங்கட்கிழமை கடையடைப்பு அறிவித்திருந்தது. பஸ் ஓடாது, ஆட்டோ ஓடாது, ஒரு சைக்கிள்கூடப் போகாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டுப் பத்துப் பேரும் தலையில் கைவைத்தார்கள். ஜோதியம்மாள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் பிறந்த ஊரில் களம் இல்லாதவர்கள் நெல்லையும் மல்லாட்டையையும் தார்ரோட்டில்தான் காயவைப்பார்கள். அங்கேயும் ஒரு பாதியில்தான் விரிக்க முடியும், வண்டி போக மறுபாதி விட வேண்டும். வண்டியே போகாத ஒரு முழு ரோட்டை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. கட்சிக்காரர்கள் தாங்களாகவே அதைக் காலி செய்து கொடுக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதல் ஓலைக்கட்டை அவிழ்த்தாள். கூட வந்தது நான்கு பேர்தான். மற்றவர்கள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள், கஸ்தூரி உட்பட. ஈர்க்கு நீக்கிக் கீறிய ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் தெருவின் இந்தச் சாக்கடையிலிருந்து அந்தச் சாக்கடை ஓரம் வரைக்கும் விரித்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் கொட்டகை வாசலிலிருந்து அறுபட்ட கம்பம் வரைக்கும் தெருவே வாடாமல்லியும் கிளிப்பச்சையுமாகக் கிடந்தது. மறைத்து வைக்கச் சொன்ன நிறம் ஊரிலேயே பெரிய இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதரைக்கு ஊர்வலம் கிளம்பியது. கம்பம் இருந்த இடத்தில் மாலை போட்டுவிட்டு, இந்தத் தெரு வழியாகச் செங்கம் ரோட்டுக்குப் போக வேண்டும். அறுபது பேர் இருப்பார்கள். கோஷம் போட்டுக்கொண்டு திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள். ஜோதியம்மாள் தெரு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்வரிசை ஓலைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து இறங்கி வந்த போலீஸ்காரர், ஓலையை எடும்மா, பிரச்சினை வேணாம் என்றார். ரோட்டில் நெல் காயவைக்கிறவர்களை அவர் எப்போதாவது எழுப்பியிருக்கிறாரா என்று இவள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

முன்வரிசையில் முருகவேல். முகம் கறுத்துப் போயிருந்தது.

“அண்ணி, எடுங்க. அத்தினி பேரு பாக்குறாங்க.”

“பதினோரு மணிக்கு எடுப்பேன்.” தலையைத் தூக்காமலே சொன்னாள். பிறகு எழுந்து நின்றாள். அவள் பேசியது அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஊர்வலம் மொத்தமும் அதைக் கேட்க வாயை மூடிக்கொண்டது. “இந்தக் கலரு நான் எடுத்தது முருகவேலு. ஆவணி மாசம், நோட்டுல தேதி இருக்குது. அவங்க கொடி ஏத்துனது மார்கழியில. என்னைக் கேட்டுக்கினு அவங்க எடுக்கல, உன்னைக் கேட்டுக்கினு நான் எடுக்கல. மிதிச்சுட்டுப் போறதுன்னா போ. நான் நவுர மாட்டேன். இல்லன்னா ஓரமாப் போங்க, ஓலை காயட்டும்.”

பின்னாலிருந்து ஒரு இளைஞன் முன்னே வந்தான். அண்ணியாவது ஒண்ணாவது என்று சொல்லிக்கொண்டே ஓலைமேல் ஒரு காலை வைத்தான். இரண்டாவது காலைத் தூக்குவதற்குள் முருகவேல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பித்தான் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. எதற்காக இழுத்தான் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் தெருவின் அந்தக் கோடியில் ஒரு கதவு திறந்தது. கஸ்தூரி இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், முதல் வரிசை ஓலையைத் திருப்பிப் போட உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்ற கதவுகளும் திறந்தன.

முருகவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடைக் கல்மேல் ஏறினான். அவன் பின்னால் அறுபது பேரும் ஒருவர்பின் ஒருவராக ஏறினார்கள். ஒற்றை வரிசையில் கோஷம் போட முடியாது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. முன்னால் போகிறவன் கத்துவது பின்னால் வருகிறவனுக்குக் கேட்கவில்லை, கேட்டவனும் கால் வழுக்குமோ என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரமாகத் தெருவைக் கடந்தார்கள். சரியாகப் பதினொரு மணிக்குப் பதினோரு பெண்களும் ஓலையை வாரினார்கள். மிதிபட்டது ஒன்பது ஓலை.

லாரி வந்த அன்றைக்குப் பதினாறு பெட்டி குறைந்தது. குறைந்தால் குறையட்டும் என்று அப்படியே அனுப்பினார்கள். பெட்டி குறைகிறது என்று வாங்குகிறவர்களிடமிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்தது. அதன் கடைசியில், இந்த வருஷ நிறத்தை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஆவணிக் கூட்டம் வந்தது. கஸ்தூரியின் முறை. எந்தக் கட்சியிலும் இல்லாத நிறமாகப் பார்த்து எடுக்கச் சொல்லும்படி முருகவேல் தன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பலராமன் அதை அப்படியே வந்து சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார்கள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் சாயப்பானை மட்டும்தான் மிஞ்சியது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

கஸ்தூரி தேரடி வீதிக்குப் போய்வந்தாள். செய்தித்தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களை நடுவில் வைத்துப் பிரித்தாள். வாடாமல்லி. கிளிப்பச்சை.

ஒருமுறை வந்த நிறம் திரும்ப வரக் கூடாதே என்று முதலில் சொன்னது ஜோதியம்மாள்தான். கஸ்தூரி அவளை நேராகப் பார்த்தாள்.

“அந்த வழக்கம் நாமதானேக்கா வெச்சோம். போன வாட்டி இந்தக் கலரை நான் பயந்துக்கினு மூடி வெச்சேன். இந்த வாட்டி நான் வெயில்ல வெக்கிறேன்.”

ஜோதியம்மாள் நோட்டை இழுத்துத் தேதியைப் போட்டு, இரண்டு நிறத்தையும் எழுதி, முதல் கையெழுத்தைப் போட்டாள்.